பந்தெறி வீரர் சாச்செல் பெய்ஜ்

புலவர்க்கும் இசைவாணர்க்கும் முதுமை வரவர மதிப்புக் கூடும். ஓடுகின்றவர்க்கும், மற்போர் புரிகின்றவர்க்கும், பந்தெறிகின்றவர்க்கும் அவ்வாய்ப்பு இல்லை. இருபது வயது முதல் முப்பத்தைந்து வயது வரையுள்ள காலமே அவர்கள் கையிலுள்ள முதல். அம்முதலைப் பிறர் முடக்கிவிட்டால், பின்னர் மனம் வருந்தித் திருப்பிக் கொடுக்க நினைத்தாலும் கொடுத்தல் இயலாது. இவ்வுண்மையைத் தெளிவாக விளக்கும் வரலாறு ஒன்றை இன்று நாம் எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவதையே தொழிலாகக் கொண்டு, நாற்பது ஆண்டுகள் திடலிலே நின்ற சாச்செல் பெய்ஜ் என்பவரின் வரலாறு அது.

மும்பையிலும் கொல்கத்தாவிலும் தில்லியிலும் வாழும் நம் தமிழன்பர்களுக்குக் கிரிக்கெட் நன்கு பழகிய ஆட்டம். பேஸ்பால் அத்துணைப் பழக்கமானதன்று. ஆதலின் அவ்வாட்டத்தில் பந்தெறிபவரின் நிலையைச் சிறிது விளக்கிவிட்டு மேலே செல்வோம். அணிக்கு ஒன்பது பேர். திடலின் நடுவே சற்று உயர்த்தப்பட்ட மண்மேட்டின் மீது பந்தெறிபவர் நிற்கிறார். அவர்க்கு எதிரே 60 அடி 6 அங்குலத் தொலைவில் தரையில் ஒரு தட்டுப் பதிக்கப்பட்டிருக்கும். அதன் அகலம் 17 அங்குலம். அத்தட்டின் அருகே, உருண்டையான மட்டையை ஏந்தி அடிப்பவர் நிற்பார். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டு எழும். இங்கோ தரையைத் தொடாமலே வந்து சேரவேண்டும். தட்டின் அகலத்திற்குள்ளும், அடிப்பவரின் முழங்காலுக்கு மேலும் மார்புக்குக் கீழும் பந்து கடந்து சென்றால், அது ‘ஸ்டிரைக்’ என்று கணக்கிடப்படும். அடிக்க முயன்று தவறினாலும் அவ்வாறே. மூன்று ஸ்டிரைக் ஆனால் அடிப்பவர் வெளியேறவேண்டும். அவ்வெல்லைக்கு வெளியே நான்கு பந்துகள் சென்றுவிட்டாலோ, அடிப்பவர் ஓட்டமின்றியே முதல் தளத்தை அடைந்துவிடுவார்.

எனவே பந்தெறிபவரின் முயற்சியெல்லாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு சாளரத்தின் வழியே பந்தை அனுப்புவதாகும். சாளரத்தின் நடுவே அனுப்பினால் அடிப்பவர் நொறுக்கிவிடுவார். வெளியே அனுப்பினால் தளத்தை இனாமாகக் கொடுத்ததாகும். ஆகையால் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் எறிதல் வேண்டும். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து அரை நொடிக்கும் குறைந்த காலத்தில் தட்டைக் கடந்துவிடும். அதற்குள் அடிப்பவர் பந்தைக் கண்டு, அதன் போக்கை உணர்ந்து, மட்டையை வீச வேண்டும். வேகம், குறி, வஞ்சனை ஆகிய மூன்றுமே பந்தெறிபவரின் படைக்கலங்கள். முழங்கையை மடக்கி முழு வேகத்தோடு எறிவது இங்கு விதிக்கு உட்பட்டதே. அதனால் தோளும் முழங்கையும் படும் பாடு மிகப் பெரிது. பந்தெறிபவர் பலரின் தொழில் முப்பத்தைந்து வயதிற்குள் முடிந்துவிடுவதற்கு இதுவே காரணம்.

நிற்க. இவ்வாட்டம் அந்நாட்டில் இருந்த நிலையையும் நாம் அறிதல் வேண்டும். 1884 ஆம் ஆண்டில் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்னும் கறுப்பின வீரர் டொலீடோ நகர அணியில், உயர்நிலைப் போட்டிகளில் ஆடினார். அதன்பின் சில ஆண்டுகளில் அக்கதவு அடைபட்டது. கறுப்பர் ஆடக்கூடாது என்று விதிப் புத்தகத்தில் எழுதிவைக்கவில்லை. எழுதாமலே எல்லா அணி முதலாளிகளும் அவ்வாறு நடந்துகொண்டனர். எழுதிய விதியை எதிர்த்து வழக்காடலாம். எழுதாத விதியை யாரிடம் முறையிடுவது? ஏறத்தாழ அறுபது ஆண்டுகள், ‘மேஜர் லீக்’ எனப்படும் பெரும் போட்டிகளில் ஒரு கறுப்பரும் இடம்பெறவில்லை. கறுப்பர்கள் தமக்கென அணிகள் அமைத்துக்கொண்டனர். 1920 ஆம் ஆண்டில் ரூப் ஃபாஸ்டர் என்பவர் முன்னின்று, கான்சாஸ் சிட்டியில் அவ்வணிகளை ஒரு கூட்டமைப்பாக்கினார். அக்காலச் சொல்வழக்கின்படி அவை ‘நீக்ரோ லீக்’ எனப்பட்டன. இன்றும் வரலாற்று நூல்களில் அப்பெயரே நிற்கிறது.

லீராய் ராபர்ட் பெய்ஜ் 1906 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள், அலபாமா மாநிலத்தின் மொபீல் துறைமுக நகரில் பிறந்தார். தந்தை தோட்ட வேலை செய்பவர். தாய் பிறர் வீட்டுத் துணிகளை வெளுத்துக் கொடுப்பவர். குழந்தைகள் பலர், வருவாய் சிறிது. சிறுவன் லீராய் இரயில் நிலையத்திற்குச் சென்று, பயணிகளின் பைகளைச் சுமந்து காசு தேடினான். ஒரு கழியில் கயிறுகளைக் கட்டி ஒரே முறையில் பல பைகளைத் தொங்கவிட்டுச் சுமந்தானாம். அதனால் ‘சாச்செல்’, அதாவது ‘பை’ என்னும் பட்டப்பெயர் அவனுக்கு ஒட்டிக்கொண்டது. ஒருமுறை பையையே எடுத்துக்கொண்டு ஓட முயன்றதனால் வந்த பெயர் அது என்று இளமைத் தோழர் ஒருவர் வேறு கதை கூறினார். எவ்வாறாயினும் லீராய் என்ற பெயர் மறைந்து, சாச்செல் என்ற பெயரே உலகில் நிலைத்தது.

பள்ளிக்குச் செல்லாமையும் சிறு திருட்டும் பன்னிரண்டு வயதில் அவனை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தின. 1918 ஆம் ஆண்டு, மவுண்ட் மீக்ஸ் என்னும் ஊரில் கறுப்பினச் சிறுவர்க்கென இருந்த சீர்திருத்தப் பள்ளிக்கு அவன் அனுப்பப்பட்டான். ஐந்து ஆண்டுகளுக்கு மேல் அங்கே கழிந்தன. அப்பள்ளியில் எட்வர்ட் பேர்ட் என்னும் பயிற்சியாளர், அந்த நெட்டைச் சிறுவனின் நீண்ட கைகால்களைக் கண்டு பந்தெறியும் முறையைக் கற்பித்தார். இடக்காலை வானளாவ உயர்த்தி, உடலைப் பின்னே சாய்த்து, கடைசி நொடியில் கையை முன்னே வீசி எறியும் முறை அது. எதிரே நிற்பவர்க்கு வானில் தூக்கிய காலணியே தெரியும். பந்து எங்கிருந்து புறப்பட்டது என்பது தெரியாது. தண்டனையாக வந்த ஐந்து ஆண்டுகளே தம் தொழிற்கல்வி ஆயின என்பதைப் பிற்காலத்தில் பெய்ஜ் மறைத்ததில்லை.

1923 ஆம் ஆண்டின் இறுதியில் விடுதலையாகி, முதலில் சொந்த ஊரில் சிறு அணி ஒன்றில் ஆடினார். 1926 ஆம் ஆண்டு சட்டனூகா நகர அணி அவரைச் சம்பளத்திற்கு அமர்த்திக்கொண்டது. அடுத்த ஆண்டே பர்மிங்காம் நகரின் பிளாக் பாரன்ஸ் அணிக்குச் சென்றார். தொடக்கத்தில் அவரிடம் இருந்த செல்வம் வேகம் ஒன்றே. ஆனால் அவ்வேகத்தோடு வியத்தகு குறியும் சேர்ந்திருந்தது. ஆட்டத்திற்கு முன் பழகும்போது, தட்டிற்குப் பதிலாக மிட்டாய் சுற்றும் காகிதத் துண்டு ஒன்றைத் தரையில் வைத்து, அதன் மேலாகப் பந்துகளை அனுப்புவார் என்பர். தம் பந்துகளுக்கு ‘தேனீப் பந்து’ என்றும், ‘நள்ளிரவில் பதுங்கி வருவது’ என்றும் செல்லப் பெயர்கள் சூட்டினார். ஆட்டம் ஒரு கலை. அக்கலைக்கு விளம்பரமும் வேண்டும் என்பதை அவர் இளமையிலேயே உணர்ந்திருந்தார்.

1930 ஐ ஒட்டிய ஆண்டுகளில் அமெரிக்காவில் கடும் பொருளாதார மந்தம் பரவியது. கறுப்பின அணிகள் பல கலைந்தன. பெய்ஜ் பிட்ஸ்பர்க் நகரின் கிராஃபர்ட்ஸ் அணியில் சேர்ந்தார். ஜாஷ் கிப்சன் என்னும் ஒப்பற்ற அடிவீரரும், ‘கூல் பாப்பா’ பெல் என்னும் ஓட்டத்தில் வல்லவரும் அங்கே அவருடைய தோழர்கள். எனினும் லீக் போட்டிகளின் வருவாய் மட்டும் வயிற்றுக்குப் போதவில்லை. ஆதலின் வீரர்கள் ஊர் ஊராகச் சென்று, உள்ளூர் அணிகளோடு காட்சி ஆட்டங்கள் ஆடினார்கள். நம் நாட்டு நாடகக் குழுக்கள் முன்னாளில் ஊர்தோறும் கொட்டகை போட்டு நடித்தது போன்ற வாழ்க்கை அது. காலையில் ஓர் ஊர், மாலையில் மற்றோர் ஊர், இரவெல்லாம் மோட்டார்ப் பயணம். கோடையில் வடக்கே, குளிர்காலத்தில் கலிபோர்னியா, கியூபா, போர்ட்டோ ரிக்கோ. ஆண்டின் பன்னிரண்டு திங்களும் அவர் கை ஓய்ந்ததில்லை.

அப்பயணங்களில் பட்ட துன்பம் திடலில் பட்ட துன்பத்தினும் பெரிது. பகலில் ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய ஊரிலேயே, இரவில் தங்க ஒரு விடுதி இடம் தராது. உணவகத்தின் பின்வாயிலில் நின்று ரொட்டி வாங்கி, வண்டியிலேயே உண்டு, வண்டியிலேயே உறங்குவர். வெள்ளையர் அணிகளின் திடல்களை வாடகைக்கு எடுத்து ஆடும்போதும், பல இடங்களில் உடை மாற்றும் அறையையும் குளியலறையையும் திறந்துவிட மாட்டார்கள். வடக்கு டகோட்டா மாநிலத்தின் பிஸ்மார்க் நகரில் மோட்டார் வணிகர் ஒருவர் வெள்ளையரும் கறுப்பரும் கலந்த அணி ஒன்றை அமைத்து, 1933 ஆம் ஆண்டிலும் 1935 ஆம் ஆண்டிலும் பெய்ஜை அழைத்துக்கொண்டார். 1935 இல் விச்சிட்டா நகரில் நடந்த நாடு தழுவிய போட்டியில் அவ்வணியே கோப்பையை வென்றது. நிறம் கலந்த அணி வெற்றி பெறும் என்பதை நிலைநாட்டிய அவ்வீரர்க்கு, அந்நகரில் குடியிருக்க வீடு கிடைக்காமையால், பழைய இரயில் பெட்டி ஒன்றிலே மனைவியோடு குடித்தனம் நடத்தவேண்டியிருந்தது!

பெய்ஜ் ஓர் அணியில் நிலைத்து நின்றவர் அல்லர். எவர் கூடுதலாகக் கொடுப்பாரோ அவரிடம் சென்றுவிடுவார். ஒப்பந்தம் என்பதைப் பெரிதாக மதித்தவரும் அல்லர். 1937 ஆம் ஆண்டு டொமினிக்கன் குடியரசின் சர்வாதிகாரி ட்ருஹீயோவின் பெயர் தாங்கிய தலைநகர அணிக்காக, தோழர் பலரையும் அழைத்துக்கொண்டு கடல் கடந்தார். அங்கே அவ்வணி கோப்பையை வென்றது. தோற்றிருந்தால் என்ன நேர்ந்திருக்குமோ என்று வீரர்கள் அஞ்சிய கதையைப் பின்னாளில் பெய்ஜ் நகைச்சுவை கலந்து சொல்வதுண்டு. அவர் அணி மாறியதைக் குறை கூறுவோர் ஒன்றை மறத்தலாகாது. நியாயமான சந்தையின் கதவு ஒருவருக்கு அடைக்கப்பட்டிருக்கும்போது, எஞ்சிய சிறு சந்தைகளில் தம் கைக்கு உரிய விலையைக் கேட்டு வாங்குவது ஒன்றே அவருக்கு இருந்த உரிமை.

வெள்ளையரான பெருவீரர்கள் அவர் திறமையை அறியாதவர் அல்லர். போட்டிக் காலம் முடிந்தபின் நடக்கும் காட்சி ஆட்டங்களில் இரு நிறத்தாரும் எதிரெதிராக ஆடுவது வழக்கம். 1934 ஆம் ஆண்டு 30 வெற்றிகள் பெற்றுப் புகழின் உச்சியிலிருந்த டிஸ்ஸி டீன், பெய்ஜோடு பல ஊர்களில் மோதினார். தாம் கண்ட பந்தெறிவோரில் அவரே சிறந்தவர் என்று வெளிப்படையாகப் போற்றினார். 1936 ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஜோ டிமாஜியோ என்னும் இளைஞர் பெய்ஜின் பந்தை ஒரே ஒருமுறை அடித்துத் தளம் சேர்ந்தார். அவ்வோர் அடியே, அவர் பெரும் போட்டிகளுக்குத் தகுதி பெற்றுவிட்டார் என்பதற்குச் சான்றாகக் கொள்ளப்பட்டது. அந்த இளைஞர் அவ்வாண்டே நியூயார்க் யாங்கீஸ் அணியில் ஏறிப் பெரும்புகழ் எய்தினார். அவரைச் சோதித்த உரைகல்லோ, மீண்டும் மோட்டார் வண்டியில் ஏறி அடுத்த ஊருக்குச் சென்றது.

1938 ஆம் ஆண்டு மெக்சிகோவில் ஆடும்போது, பெய்ஜின் வலத்தோளில் தாங்கொணா வலி தோன்றியது. கையை உயர்த்தவும் இயலாத நிலை. இனி இவர் பந்தெறிதல் இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டனர். வயதோ முப்பத்திரண்டு, வேறு தொழில் அறியார், சேர்த்து வைத்த பொருளும் இல்லை. அணிகள் எல்லாம் கையை விரித்தன. அந்நேரத்தில் கான்சாஸ் சிட்டி மோனார்க்ஸ் அணியின் உரிமையாளர் ஜே. எல். வில்கின்சன் அவருக்கு வேலை கொடுத்தார். இவர், 1930 ஆம் ஆண்டிலேயே எடுத்துச் செல்லத்தக்க மின்விளக்குகளை வண்டிகளில் ஏற்றிச் சென்று இரவு ஆட்டங்கள் நடத்தியவர். மேஜர் லீகில் இரவு ஆட்டம் தொடங்கியது அதற்கு ஐந்து ஆண்டுகளுக்குப் பின்னரே. அவர் பெய்ஜைத் தம் இரண்டாம் அணியில் சேர்த்து, சிற்றூர்களுக்கு அனுப்பினார். பெயரைப் பார்த்து மக்கள் வருவர். பெய்ஜ் மெல்லப் பந்தை எறிந்துவிட்டு அமர்ந்துவிடுவார். அணியின் உடற்பயிற்சியாளர் நாள்தோறும் தைலமும் வெந்நீர் ஒத்தடமும் கொடுத்துத் தோளைப் பேணினார். 1939 ஆம் ஆண்டில் ஒருநாள் வலி நீங்கியது. கை மீண்டது.

மீண்ட கையில் பழைய வேகம் முழுவதும் இல்லை. இங்கேதான் பெய்ஜின் தொழில்நுட்பம் நம் கருத்துக்கு உரியதாகிறது. வேகம் குறைந்த இடத்தில் அறிவை நிரப்பினார். வளைந்து செல்லும் பந்தைக் கற்றார். மிக மெல்ல வரும் பந்தைக் கற்றார். தலைக்கு மேலிருந்தும், பக்கவாட்டிலிருந்தும், இடுப்புக்குக் கீழிருந்தும் எறியப் பழகினார். இவற்றுள் பெரும் பெயர் பெற்றது ‘தயக்க வீச்சு’. காலை உயர்த்தி, கையைச் சுழற்றி, முன்காலை ஊன்றியபின், பந்தை விடாமல் ஒரு கணம் நிறுத்துவார். அடிப்பவர் பந்து வந்துவிட்டதாக எண்ணி மட்டையை வீசிவிடுவார். அதன் பின்னரே பந்து புறப்படும்! அடிப்பவரின் கண் பந்தெறிபவரின் உடல் அசைவைக் கொண்டே காலத்தைக் கணிக்கிறது. அக்கணிப்பைக் குலைத்துவிட்டால் மெல்லிய பந்தும் விரைந்த பந்தாகிவிடும். வேகம் என்பது எறிபவர் கையில் மட்டும் இருப்பதன்று. அடிப்பவர் மனத்திலும் இருப்பது என்பதை அவர் கண்டுகொண்டார்.

1942 ஆம் ஆண்டு, நீக்ரோ லீக் அணிகளின் இறுதித் தொடரில் மோனார்க்ஸ் அணி ஹோம்ஸ்டெட் கிரேஸ் அணியை எதிர்த்தது. எதிரணியில் பழைய தோழர் ஜாஷ் கிப்சன். தொடரின் இரண்டாம் ஆட்டத்தில் மூன்று தளங்களிலும் எதிரணியினர் நிற்க, கிப்சன் மட்டையேந்தி வந்தார். பெய்ஜ் மூன்று ஸ்டிரைக்கில் அவரை வெளியேற்றினார். கிப்சனை எதிர்கொள்வதற்கென்றே வேண்டுமென்று பிறரைத் தளத்துக்கு அனுப்பினார் என்று பெய்ஜ் கதை சொல்வார். அக்காலச் செய்தித்தாள்கள் அப்பகுதியை உறுதிப்படுத்தவில்லை. கிப்சனை வீழ்த்தியது மட்டும் மறுக்கமுடியாத உண்மை. அத்தொடரை மோனார்க்ஸ் அணியே வென்றது.

இரண்டாம் உலகப்போர் முடிந்தது. நாட்டுக்காக உயிர் கொடுக்கலாம், நாட்டின் ஆட்டத்தில் இடம்பெறலாகாது என்னும் முரண்பாட்டை மேலும் மூடிவைக்க இயலவில்லை. 1945 ஆம் ஆண்டு அக்டோபரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, ஜாக்கி ராபின்சன் என்னும் கறுப்பின வீரரை ஒப்பந்தம் செய்துகொண்டார். 1947 ஆம் ஆண்டு ஏப்ரல் 15 ஆம் நாள் ராபின்சன் பெரும் போட்டித் திடலில் இறங்கினார். அவர் 1945 இல் பெய்ஜின் மோனார்க்ஸ் அணியிலேயே ஒரு பருவம் ஆடியவர்; வயதில் பன்னிரண்டு ஆண்டு இளையவர்; பல்கலைக்கழகத்தில் பயின்றவர். ரிக்கி அவரைத் தேர்ந்தெடுத்ததற்குத் தக்க காரணங்கள் இருந்தன. எனினும், இருபது ஆண்டுகளாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தவரைக் கடந்து, நேற்று வந்தவர் உள்ளே அழைக்கப்பட்டது பெய்ஜின் உள்ளத்தைச் சுட்டது. அதை அவரே பின்னர் ஒப்புக்கொண்டார். ஜாஷ் கிப்சனுக்கு அந்த வருத்தம் கொள்ளவும் காலம் இல்லை. ராபின்சன் திடலில் இறங்குவதற்கு மூன்று திங்கள் முன்பு, தம் முப்பத்தைந்தாம் வயதில் கிப்சன் மறைந்துவிட்டார்.

1948 ஆம் ஆண்டு ஜூலை 7 ஆம் நாள், கிளீவ்லாந்து அணியின் உரிமையாளர் பில் வீக், பெய்ஜை ஒப்பந்தம் செய்தார். அன்று பெய்ஜுக்கு 42 வயது நிறைந்தது. அதற்கு முன் அணித் தலைவர் லூ பூட்ரோ தாமே மட்டையெடுத்து நின்று அவரைச் சோதித்துப் பார்த்து நிறைவுகொண்டார். மேஜர் லீக் வரலாற்றில் அத்துணை வயதில் புதிதாகச் சேர்ந்தவர் வேறொருவர் இல்லை. ‘ஸ்போர்ட்டிங் நியூஸ்’ என்னும் ஏட்டின் ஆசிரியர், கூட்டம் சேர்ப்பதற்கான வேடிக்கை இது என்றும், ஆட்டத்தின் தரத்தைத் தாழ்த்தும் செயல் என்றும் கடிந்து எழுதினார்.

கூட்டம் சேர்ந்தது உண்மையே. ஆகஸ்டு 3 ஆம் நாள் அவர் முதன்முதலாகத் தொடக்கப் பந்தெறிவோராக இறங்கிய ஆட்டத்தைக் கிளீவ்லாந்தில் 72,434 பேர் கண்டனர். 13 ஆம் நாள் சிகாகோவில் 51,013 பேர்; அன்று எதிரணிக்கு ஓர் ஓட்டமும் கொடுக்கவில்லை. 20 ஆம் நாள் மீண்டும் கிளீவ்லாந்தில் 78,382 பேர். அன்றும் எதிரணிக்கு ஓட்டம் இல்லை. மூன்று ஆட்டங்களுக்கு இரண்டு இலட்சத்திற்கு மேற்பட்டோர்! அவ்வாண்டு அவர் 6 ஆட்டங்களில் வென்று, ஒன்றில் மட்டும் தோற்றார். கிளீவ்லாந்து அணி உலகத் தொடர் என்னும் இறுதிப் போட்டியையும் வென்றது. அத்தொடரின் ஐந்தாம் ஆட்டத்தில் பெய்ஜ் சிறிது நேரம் பந்தெறிந்தார். உலகத் தொடரில் பந்தெறிந்த முதல் கறுப்பினர் அவரே. வேடிக்கை என்று எழுதியவர்களுக்குக் கை விடையளித்துவிட்டது. ஆனால் தயக்க வீச்சு விதிக்குப் புறம்பானது என்று அமெரிக்கன் லீகின் தலைவர் தீர்ப்புக் கூறினார். பெய்ஜ் அதையும் ஏற்றுக்கொண்டு, எஞ்சிய வித்தைகளைக் கொண்டே ஆடினார்.

இவ்வெற்றியின் மறுபக்கத்தையும் நாம் காணவேண்டும். இளம் வீரர்கள் ஒவ்வொருவராகப் பெரும் அணிகளுக்குச் சென்றபின், கறுப்பின அணிகளைப் பார்க்க வருவோர் குறைந்தனர். ராபின்சனை ஈந்த மோனார்க்ஸ் அணிக்கு ஈடாக ஒரு காசும் தரப்படவில்லை. 1948 ஆம் ஆண்டோடு நீக்ரோ நேஷனல் லீக் முடிவுற்றது. நீதி வந்த வழியிலேயே பல குடும்பங்களின் பிழைப்பும் போயிற்று. பெரும் அணிகள் அழைத்தவர் சிலர். வயது கடந்துவிட்டதென்று விட்டுச்சென்றவர் மிகப் பலர்.

பில் வீக் பின்னர் செயின்ட் லூயி பிரவுன்ஸ் அணியை வாங்கியபோது, 1951 ஆம் ஆண்டு பெய்ஜை மீண்டும் அழைத்துக்கொண்டார். வலிமையற்ற அவ்வணிக்காக 1952 ஆம் ஆண்டு 12 ஆட்டங்களை வென்று கொடுத்தார். 1952 இலும் 1953 இலும் தேர்ந்த வீரர்களின் அணிக்குத் தெரிந்தெடுக்கப்பட்டார். இரண்டாம் முறை அவருக்கு வயது 47. பின்னர் மயாமியில் மூன்று பருவம் ஆடினார். 1965 ஆம் ஆண்டு செப்டம்பர் 25 ஆம் நாள், கான்சாஸ் சிட்டி அணி அவரை ஒரே ஓர் ஆட்டத்திற்காக அழைத்தது. பார்ப்போர் சிரிப்பதற்கென்று ஒரு சாய்ந்தாடு நாற்காலியையும், பக்கத்தில் ஒரு செவிலியையும் ஏற்பாடு செய்திருந்தனர். ஐம்பத்தொன்பது வயதுக் கிழவர் நாற்காலியிலிருந்து எழுந்தார். பாஸ்டன் அணியை மூன்று சுற்றுகள் ஓட்டமின்றி நிறுத்தினார். கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி என்னும் ஒருவர் மட்டுமே அவர் பந்தை அடித்துத் தளம் சேர்ந்தார். சிரிக்க வந்தவர்கள் எழுந்து நின்று கைதட்டினர்.

அவ்வளவு ஆடியும், மேஜர் லீகில் அவர் பெயருக்கு அப்போது இருந்தவை 28 வெற்றிகளும் 31 தோல்விகளும் மட்டுமே. ஓய்வூதியத்திற்கு வேண்டிய நாட்கணக்கில் 158 நாட்கள் குறைந்தன. அக்குறையை நிரப்புவதற்கென்றே 1968 ஆம் ஆண்டு அட்லாண்டா பிரேவ்ஸ் அணி அவரைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. 1966 ஆம் ஆண்டு கூப்பர்ஸ்டவுன் நகரிலுள்ள புகழ்மண்டபத்தில் சேர்க்கப்பட்ட டெட் வில்லியம்ஸ் என்னும் வெள்ளையப் பெருவீரர், தம் ஏற்புரையில் பெய்ஜையும் கிப்சனையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவர்களுக்கும் அங்கே இடம் வேண்டும் என்றார். 1971 ஆம் ஆண்டு பெய்ஜுக்கு அவ்விடம் கிடைத்தது. முதலில் கறுப்பின வீரர்க்கெனத் தனிப் பகுதி ஒன்று வகுத்தனர். அங்கும் தனிப்பந்தியா என்று எதிர்ப்பு எழவே, மற்றவரோடு சமமாகவே சேர்த்தனர். 1982 ஆம் ஆண்டு ஜூன் 5 ஆம் நாள் கான்சாஸ் சிட்டியில் அவர் பெயரால் அமைந்த திடலைத் திறந்துவைத்தபோது, நோயுற்ற நிலையிலும் வந்திருந்தார். மூன்று நாள் கழித்து மறைந்தார்.

இவ்வரலாறு நமக்கு அயலானதன்று. நம் நாட்டிலேயே பல்வங்கர் பாலூ என்னும் இடக்கைப் பந்துவீச்சாளர் இருந்தார். தாழ்த்தப்பட்டோர் எனப்பட்ட குலத்தில் பிறந்து, புனா நகரில் ஆங்கிலேயரின் கிரிக்கெட் சங்கத்தில் திடலைப் பேணும் வேலையில் இருந்து, அவர்களுக்குப் பந்து வீசிப் பழகியவர். 1911 ஆம் ஆண்டு இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தினார். திடலில் அவர் தொட்ட பந்தைத் தொட்டவர்கள், இடைவேளையில் அவருக்குத் தனிக்குவளையில், தனியிடத்தில் தேநீர் கொடுத்தனர். அணித் தலைமை அவருக்குக் கிட்டவில்லை. 1923 ஆம் ஆண்டில் அவருடைய தம்பி விட்டலுக்கே இந்து அணியின் தலைமை கிடைத்தது. வெற்றிக்கு ஒருவரின் கை வேண்டும், பந்தியில் அவர் வேண்டா என்னும் மனப்பான்மைக்குத் தேச எல்லை இல்லை போலும்.

2020 ஆம் ஆண்டு டிசம்பரில், 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக் போட்டிகளையும் மேஜர் லீக் போட்டிகளாகவே கருதவேண்டும் என்று அமெரிக்கப் பேஸ்பால் அமைப்பு அறிவித்தது. 2024 ஆம் ஆண்டு மே மாதம் அக்கணக்குகள் பொதுக் கணக்கோடு சேர்க்கப்பட்டன. அடிப்போரின் வாழ்நாள் சராசரிப் பட்டியலில் இப்போது முதலிடம் பெற்றிருப்பவர், வெள்ளையரின் பெரும் அணிகளில் ஒருநாளும் இடம்பெறாமல் மறைந்த ஜாஷ் கிப்சன். ஏட்டைத் திருத்தியது நல்ல செயலே. ஆயினும், சிற்றூர்களிலும் பாலைவெளிகளிலும் பெய்ஜ் ஆடிய எண்ணற்ற காட்சி ஆட்டங்கள் எக்கணக்கிலும் ஏறமாட்டா. இரண்டாயிரத்திற்கு மேற்பட்ட ஆட்டங்களில் வென்றதாக அவர் சொல்வதுண்டு. அதை மெய்யென்று நிறுவவும் முடியாது, பொய்யென்று தள்ளவும் முடியாது. எழுதிவைக்க ஆள் இல்லாத இடத்தில் ஒருவரைப் பல்லாண்டு நிறுத்திவிட்டு, பின்னர் அவரிடம் சான்று கேட்பது எவ்வாறு முறையாகும்?

நாற்பத்திரண்டாம் வயதிலும் ஐம்பத்தொன்பதாம் வயதிலும் சாச்செல் பெய்ஜ் காட்டிய ஆற்றலை மக்கள் அதிசயம் என்று வியந்தனர். அவ்வியப்போடு மற்றொரு கணக்கையும் நாம் போட்டுப் பார்த்தல் வேண்டும். தோள் நைந்து, வேகம் குறைந்த பின்னரே அவரிடம் இவ்வளவு இருந்ததென்றால், இருபத்தைந்தாம் வயதில் அவரிடம் எவ்வளவு இருந்திருக்கும்! அதை அளந்து கூற இன்று யாராலும் இயலாது. புகழ்மண்டபமும் ஓய்வூதியமும் திருத்திய ஏடும், இழந்தவருக்கு ஆறுதல் ஆகலாம். இழந்த இளமைக்கு ஈடாகா. ஆதலின் நம் பள்ளிகளிலும் தொழிற்கூடங்களிலும் விளையாட்டுத் திடல்களிலும் வாயிலைத் தட்டும் இளைஞர் ஒருவரைக் காணும்போது, அவர் பிறப்பையும் நிறத்தையும் மொழியையும் பாராது திறமையை மட்டும் பார்த்து, உரிய காலத்திலேயே உள்ளே அழைப்பது நம் கடமை.